தணிகைச் சீமையின் பழம்பொருள்கள்: எங்கே இருக்கின்றன, யாருக்காக இருக்கின்றன

திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. முதலாம் இராசேந்திர சோழனின் 6ஆம் ஆட்சியாண்டில், அதாவது 1018 வாக்கில், பழையனூரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையாகக் கொடுத்த செய்தியைச் சொல்பவை. 1905இல் கண்டறியப்பட்டன. வடமொழிப் பகுதி சோழர் குலவரலாற்றை அடுக்கிச் சொல்கிறது. தமிழ்ப் பகுதிக்கு வேறு வேலை: கொடுத்த நிலத்தின் எல்லை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, அக்கம்பக்கத்து ஊர்கள் எவை, பெண்யானையை நடத்தி எல்லை வளைத்துக் கல்லும் கள்ளியும் நட்டது எப்படி என்று விவரிக்கிறது. சோழர் வரலாறு எழுதிய எவரும் இந்த ஏடுகளைத் தொடாமல் போனதில்லை. இப்போது இவை சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தின் உடைமை. திருத்தணியிலிருந்து ஏறத்தாழ 15 கிலோமீட்டரில் திருவாலங்காடும் இருக்கிறது, அதை ஒட்டிப் பழையனூரும் இருக்கிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் தன் ஊரின் வாய்க்காலையும் வரப்பையும் செம்பில் வெட்டி வைத்தார்கள் என்பது அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்குத் தெரியுமா என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

அதே திருவாலங்காட்டின் நடராசர் திருமேனியும் எழும்பூரில்தான் இருக்கிறது. திருவாசி இல்லை, காற்றில் பறக்கும் விரிசடையும் இல்லை. அவை இல்லாததாலேயே உடலின் ஓட்டமும் தூக்கிய காலின் நிதானமும் மறைப்பின்றிக் கண்ணுக்குக் கிடைக்கின்றன. பிரெஞ்சுச் சிற்பி ரோதேன் 1913இல் இந்தப் படிமத்தின் ஒளிப்படங்களைப் பார்த்துவிட்டுத்தான் சிவநடனம் பற்றிய தம் புகழ்பெற்ற குறிப்பை எழுதினார். நேரில் பார்க்காமலே, படத்தை மட்டும் வைத்துக்கொண்டு, ஒரு கலைஞர் இன்னொரு கலைஞரை அடையாளம் கண்டுகொண்டார். அருங்காட்சியகம் அப்பொருளைக் காத்து, படம் எடுத்து, உலகுக்குக் காட்டாமல் இருந்திருந்தால் இது நடந்திருக்காது.

திருத்தணி வட்டாரத்தில் கிடைத்துப் பிற இடங்களுக்குப் போனவற்றின் வரிசை நீளமானது. இதே திருவள்ளூர் மாவட்டத்தில், கொசஸ்தலை ஆற்றுப் படுகையை ஒட்டிய அத்திரம்பாக்கத்தில், 1863 செப்டம்பரில் இராபர்ட் புரூஸ் பூட்டும் வில்லியம் கிங்கும் பழங்கற்காலக் கருவிகளைக் கண்டெடுத்தார்கள். பல்லாவரத்தில் முதல் கைக்கோடரி கிடைத்து நான்கே மாதம் ஆகியிருந்தது. பூட்டின் வாழ்நாள் சேகரிப்பு 1904இல் சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. அரசு விலைக்கு வாங்கியது. சாந்தி பப்பு குழுவினர் 1999 முதல் அத்திரம்பாக்கத்தில் அகழ்ந்தார்கள். அங்குள்ள தொன்மையான கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமை கொண்டவை என்று 2011இலும், அடுத்த கட்டத் தொழில்நுட்பம் அங்கே 3,85,000 ஆண்டுகளுக்கு முன்பே தொடங்கிவிட்டது என்று 2018இலும் உலக அறிவியல் இதழ்களில் வெளியிட்டார்கள். பூண்டி நீர்த்தேக்கத்தை ஒட்டித் தமிழகத் தொல்லியல் துறை 1985இல் அமைத்த வரலாற்றுக்கு முற்பட்ட கால அருங்காட்சியகம் ஒன்று உண்டு. பொருளை அது கிடைத்த மண்ணின் அருகிலேயே வைத்துக் காட்டும் முயற்சி என்ற அளவில், இந்தச் சீமையில் நடந்த மிகச் சரியான காரியம் அதுதான் என்பேன்.

திருத்தணிக்கு இன்னும் நெருங்கிய கண்டுபிடிப்பு வேலஞ்சேரிச் செப்பேடுகள். 1977இல் திருத்தணியை அடுத்த வேலஞ்சேரியில் இரண்டு தொகுதிகள் கிடைத்தன. ஒன்று பல்லவன் அபராசிதனுடையது, மற்றது முதலாம் பராந்தக சோழனுடையது. பல்லவச் செப்பேடு தணிகை மலைமேல் உள்ள முருகனுக்கு நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. அப்போது தொல்லியல் துறைக்குத் தலைமை வகித்த இரா. நாகசாமி இவற்றை ஆராய்ந்து 1979இல் நூலாக வெளியிட்டார். இன்று படியேறும் இலட்சக்கணக்கான பக்தர்களில் எத்தனை பேருக்கு இந்தக் கோயிலுக்கு 9ஆம் நூற்றாண்டுச் செப்பேட்டுச் சான்று இருப்பது தெரியும்? புராணம் தெரியும், வள்ளி கல்யாணம் தெரியும், சூரனை அழித்த சினம் தணிந்த இடம் என்பது தெரியும். செப்பேட்டைப் பற்றிச் சொல்ல அங்கே ஆளும் இல்லை, ஒரு பலகைகூட என் கண்ணில் பட்டதில்லை.

பொருள்கள் வெளியே போனது ஏன் என்பதை நியாயமாகப் பார்க்க வேண்டும். 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எந்தப் புதையல் கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அரசு அதை எடுத்துக்கொள்ள விரும்பினால் பொருளின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டிக் கொடுக்க வேண்டும். வயலிலும் கிணற்றடியிலும் கிடைத்த எத்தனையோ செப்புத் திருமேனிகள் உலைக்குப் போகாமல் தப்பியதற்கு இந்தச் சட்டமே காரணம். 1851இல் தொடங்கிய சென்னை அருங்காட்சியகத்தின் வெண்கலக் கூடம் உலகப் புகழ் பெற்றதும் பெரும்பாலும் இவ்வழியில் வந்த திருமேனிகளால்தான்.

வந்த பொருளைக் காப்பாற்றுவது தனிக்கலை. மண்ணுக்குள் பல நூற்றாண்டு கிடந்த செப்புத் திருமேனியில் உப்பின் குளோரைடு புகுந்துவிடும். வெளியே எடுத்து ஈரக்காற்று பட்டதும் வெளிர்பச்சைப் பொடியாக அது பூக்கத் தொடங்கும். துடைத்தாலும் மறுபடி பூக்கும். உள்ளே உலோகத்தைத் தின்றுகொண்டே போகும். இதற்கு வெண்கல நோய் என்று பெயர். 1930இல் எழும்பூரில் வேதியியல் பாதுகாப்பு ஆய்வகம் தொடங்கப்பட்டபோது அதன் பொறுப்பேற்ற எஸ். பரமசிவன், மின்பகுப்பு முறையில் குளோரைடை வெளியேற்றி இத்தகைய திருமேனிகளை மீட்டார். தஞ்சைப் பெரிய கோயில் ஓவியங்களின் சுண்ணப் பூச்சையும் வண்ணங்களையும் ஆராய்ந்தவரும் அவரே. அருங்காட்சியகம் என்றால் கண்ணாடிப் பேழை என்று நினைக்கிறோம். பேழைக்குப் பின்னால் ஒரு வேதியியலாளர் இல்லாவிட்டால் அந்தப் பேழை பொருளைச் சாகவிடும் இடமாகிவிடும். பாதுகாப்புக் கூடம் என்ற பெயரில் திருமேனிகளை ஓர் அறையில் அடுக்கிப் பூட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லாததற்கு இதுவே காரணம். திருடன் நுழைய முடியாத அறையில் ஈரம் நுழைந்துவிடும்.

கோயிலிலேயே விட்டால் என்ன ஆகும் என்பதற்கும் சான்று இருக்கிறது. அரியலூர் மாவட்டத்துச் சிறீபுரந்தான் கோயில் பூசையின்றிப் பூட்டிக் கிடந்தது. 2006 வாக்கில் அதன் நடராசர் களவு போனார். ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடம் 2008இல் அதை 50 இலட்சம் அமெரிக்க டாலருக்கு வாங்கியது. 2014 செப்டம்பரில் அந்நாட்டுப் பிரதமர் தில்லிக்குக் கொண்டுவந்து ஒப்படைத்தார். கடத்தலின் தலைவன் சுபாஷ் கபூருக்கு, வேறொரு கோயில் திருமேனிகள் களவுபோன வழக்கில், கும்பகோணம் நீதிமன்றம் 2022 நவம்பரில் பத்தாண்டுச் சிறை விதித்தது. சிறீபுரந்தான் நடராசரை அடையாளம் காட்டியது புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனம் 1990களில் எடுத்து வைத்திருந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். 1956 முதல் அந்நிறுவனத்தார் தென்னாட்டுக் கோயில்களை ஊர் ஊராகச் சுற்றி இலட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள் எடுத்து வைத்தார்கள். களவைத் தடுக்கப் படம் உதவவில்லை, மீட்க அதுதான் உதவியது. படமில்லாத கோயிலின் திருமேனி போனால் போனதுதான். இது எங்களுடையது என்று சொல்ல வாய் இருக்கும், சான்று இருக்காது.

இந்த இடத்தில் ஐரோப்பாவின் சிறிய நாடு ஒன்றைத் துணைக்கு அழைக்கிறேன். சுலொவீனியாவின் மொத்த மக்கள்தொகை ஏறத்தாழ 21 இலட்சம். திருவள்ளூர் மாவட்டத்தில் மட்டும் 2011 கணக்கெடுப்புப்படி 37 இலட்சத்துக்கு மேல். சுலொவீனியா நூற்றாண்டுக் கணக்கில் பிறர் ஆட்சியில் இருந்து, எல்லைகள் பலமுறை மாற்றி வரையப்பட்டு, 1991இல்தான் தனி நாடானது. ஆனால் லுப்லியானாவில் உள்ள அதன் தேசிய அருங்காட்சியகம் 1821இல் தொடங்கியது. எழும்பூரைவிட முப்பது ஆண்டு மூத்தது. இனவரைவியல் அருங்காட்சியகம் 1923இல் தனியாகப் பிரிந்தது. தேனீ வளர்ப்புக்கென்று ராதோவ்லியிட்சா என்னும் சிற்றூரில் 1959 முதல் ஓர் அருங்காட்சியகம். உழவர்கள் தேன்பெட்டிகளின் முகப்புப் பலகையில் வேதாகமக் கதைகளையும் ஊர்க்கதைகளையும் வண்ணத்தில் எழுதிவைத்த நாட்டார் ஓவியங்களை அங்கே காத்து வைத்திருக்கிறார்கள். பாதரசச் சுரங்கம் மூடப்பட்ட இத்ரியாவில் சுரங்கத்தையும் அதன் இயந்திரங்களையும் அப்படியே காட்சிக்கு வைத்தார்கள். 2012இல் அந்த ஊர் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது.

அந்த நாடும் பொருள்களை இழந்ததுதான். திருவாலங்காட்டுச் செப்பேடுகள் வெளிப்பட்ட அதே 1905இல், மெக்லன்பர்க் கோமகள் ஒருவர் அந்நாட்டின் இரும்புக்காலக் கல்லறை மேடுகளைத் தோண்டத் தொடங்கினார். 1914 வரை தோண்டினார். கிடைத்த பெருந்தொகுப்பு 1934இல் நியூயார்க்கில் ஏலம் போனது. அதன் பெரும்பகுதி இன்று அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. சொந்த மண்ணின் கல்லறைப் பொருளைப் படிக்க அந்நாட்டு ஆய்வாளர் கடல் தாண்ட வேண்டும். பழையனூர்க்காரர் எழும்பூருக்குப் போனால் போதும். நமக்கு நேர்ந்தது சிறிய இழப்பு என்று எனக்குத் தோன்றுவது இந்த ஒப்பீட்டில்தான்.

வாச்சே என்ற கிராமத்தில் 1882இல் வெண்கலக் கலயம் ஒன்று கிடைத்தது. ஊர்வலமும் விருந்தும் குத்துச்சண்டையும் அதன் வயிற்றைச் சுற்றிப் புடைப்பாகச் செதுக்கப்பட்டிருக்கின்றன. நாட்டின் மிகச் சிறந்த தொல்பொருள் என்று அதைச் சொல்வார்கள். மூலம் லுப்லியானா அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆனால் வாச்சேயில் அதன் பெரிய உருவப் படி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். மூலத்தைக் காக்கத் தலைநகரம், நினைவைக் காக்க ஊர் என்ற இந்த ஏற்பாட்டைத்தான் நான் திருத்தணிக்கும் திருவாலங்காட்டுக்கும் கேட்கிறேன். பொருள் எழும்பூருக்குப் போனதில் எனக்குக் குறை இல்லை. பொருளைப் பற்றிய அறிவு திரும்பி வரவில்லை என்பதே குறை. 31 ஏடுகளின் நேர்ப்படியைச் செம்பில் வார்த்துப் பழையனூரில் வைக்க, இன்றைய தொழில்நுட்பத்தில் பெரிய செலவோ பெரிய சிரமமோ இல்லை. எல்லைப் பகுதியைச் சொல்லும் வரிகளை இன்றைய தமிழில் எழுதி, பக்கத்தில் இன்றைய வரைபடத்தை வைத்தால், எந்த ஏரி இன்னும் இருக்கிறது, எந்த வாய்க்கால் மறைந்துவிட்டது என்று ஊராரே சொல்வார்கள். அது ஆய்வாளருக்கும் புதுச் செய்தியாக இருக்கும். நீலி கதையைக் கேட்டு வளர்ந்த ஊர் அது. எழுபது வேளாளர் தீப்பாய்ந்த கதையைத் தலைமுறை தலைமுறையாக மறக்காமல் வைத்திருக்கும் ஊருக்குச் செப்பேட்டை நினைவில் வைப்பதா கடினம்?

சுலொவீனியாவிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய இன்னொன்று பதிவேடு. அசையாத மரபுச் சின்னங்களுக்கு அங்கே ஒரு பொதுப் பதிவேடு உண்டு. கோட்டையும் தேவாலயமும் மட்டுமல்ல, களஞ்சியமும் வழியோரக் கோயிலும் கிராமத்து வீடும் அதில் ஏறும். ஏறத்தாழ 30,000 பதிவுகள் உள்ளன. எவரும் வரைபடத்தில் தேடிப் பார்க்கலாம். இந்தியா முழுவதிலும் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்கள் 3,700க்குச் சற்றுக் குறைவு. இரண்டும் ஒரே வகைப் பட்டியல் அல்ல. அங்கே பதிவு என்பது பெயரும் இடமும் குறித்து வைப்பது, இங்கே பாதுகாப்பு என்பது வேலி போட்டுக் காவலரை நிறுத்துவது. ஆனால் வேலி போட முடியாததற்கெல்லாம் பெயர்கூட எழுதி வைக்காமல் விட்டுவிடுகிறோம் என்பதுதான் உண்மை. 2007இல் மத்திய அரசு நினைவுச் சின்னங்களுக்கும் தொல்பொருள்களுக்குமான தேசிய இயக்கத்தைத் தொடங்கியது. நோக்கம் நல்ல நோக்கம். திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே. பேட்டைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஏரிக்கரை நடுகல்லைப் பார்த்து இது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்று கேட்டால் பதில் சொல்லும் அளவுக்கு வேலை இன்னும் நடந்தாக வேண்டும்.

பதிவின் அருமை தெரிய வேண்டுமானால் திருத்தணியின் நந்தியாற்றங்கரையில் உள்ள வீரட்டானேசுவரர் கோயிலைப் போய்ப் பார்க்க வேண்டும். மலைக்கு வரும் கூட்டத்தில் மிகச் சிலரே இங்கே வருகிறார்கள். சிறிய கற்றளி. பின்புறம் யானை முதுகுபோல் வளைந்த தூங்கானை மாட அமைப்பு. 9ஆம் நூற்றாண்டின் கடைசிக் காலத்தில் அபராசிதவர்மன் ஆட்சியில் நம்பி அப்பி என்பவர் எடுப்பித்தது. கல்வெட்டில் ஒரு தமிழ் வெண்பா இருக்கிறது. அதைப் பாடியவர் பெருமானடிகளே, அதாவது மன்னரே, என்று கல்வெட்டு சொல்கிறது. கடைசிப் பல்லவ மன்னன் தானே இயற்றிய தமிழ்ப்பாட்டைக் கல்லில் வெட்டி வைத்திருக்கும் இடம் இது. அவனை வென்று தொண்டை நாட்டைப் பறித்தவன் ஆதித்த சோழன். அந்தச் செய்தியைப் பெருமையோடு சொல்வது, மேலே சொன்ன திருவாலங்காட்டுச் செப்பேடு. தோற்றவனின் பாட்டு திருத்தணிச் சுவரில், வென்றவனின் சந்ததி எழுதிய வரலாறு கிடைத்தது பதினைந்து கிலோமீட்டரில். இவ்வளவு நெருக்கத்தில் ஒரு யுகமாற்றத்தின் இரு பக்கங்களும் கிடைப்பது அரிது.

இந்தக் கல்வெட்டுகள் நமக்குப் படிக்கக் கிடைப்பது மைப்படி எடுத்தவர்களால். முதலில் கல்லைத் தூரிகையால் தேய்த்துக் கழுவி, எழுத்துப் பள்ளத்தில் அடைந்த எண்ணெய்ப் பிசுக்கையும் சுண்ணாம்பையும் எடுக்க வேண்டும். நனைத்த தாளைச் சுவரில் ஒட்டி, காற்றுக் குமிழி இல்லாமல் தட்டுத்தூரிகையால் மெல்ல அடிக்க வேண்டும். தாள் எழுத்தின் பள்ளத்துக்குள் போய் உட்காரும். பிறகு மை தொட்ட தோல் பொட்டலத்தால் ஒற்றி ஒற்றி எடுத்தால், கறுப்பு நிலத்தில் வெள்ளை எழுத்து எழும்பி வரும். உலர்ந்ததும் உரித்தெடுத்து மடித்து வைப்பார்கள். 1880களில் கல்வெட்டறிஞர் ஹூல்ஸ் காலத்தில் தொடங்கிய மத்திய அரசின் கல்வெட்டுப் பிரிவு இப்படி ஊர் ஊராகப் படியெடுத்தது. அலுவலகம் 1903இல் உதகைக்கும் 1966இல் மைசூருக்கும் இடம் மாறியபோது தமிழ்க் கல்வெட்டுப் படிகளும் கூடவே பயணம் போயின. 2021இல் சென்னை உயர் நீதிமன்றம் தமிழ்க் கல்வெட்டுப் படிகளைச் சென்னைக்குக் கொண்டுவர உத்தரவிட்டது. சுவரில் இருந்த எழுத்து சிதைந்த பிறகும் தாளில் இருக்கும் எழுத்து பேசுகிறது. பல ஊர்களில் கல்வெட்டு போய்விட்டது, மைப்படி ஒன்றே மிச்சம்.

கல்வெட்டு ஏன் போனது என்றால், பல இடங்களில் பக்தியால்தான். கும்பாபிஷேகத்துக்கு முன் திருப்பணி என்று தொடங்குவார்கள். மணலைக் காற்றழுத்தத்தில் பீய்ச்சிக் கல்லைத் துப்புரவாக்கினால் எழுத்தின் விளிம்பு மழுங்கும். கருங்கல் தளத்தின் மேல் வழுவழுப்பான பளிங்கு ஓடு பதித்தால் அடியில் உள்ள எழுத்து புதையும். உபயதாரர் பெயரைப் புதிதாகப் பொறிக்கப் பழைய உபயதாரரின் கல்வெட்டை மூடுகிறோம். இதைச் செய்பவர்களுக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. கோயில் பொலிவாக இருக்க வேண்டும் என்ற ஆசைதான். ஆனால் சேதம் சேதம்தான், திரும்பப் பெற முடியாதது. உயர் நீதிமன்றம் தானாக எடுத்து நடத்திய வழக்கில் 2021 ஜூன் 7ஆம் நாள் கோயில்களையும் தொன்மைச் சின்னங்களையும் காக்க 75 வழிகாட்டுதல்களை வழங்கியது. அவற்றில் எத்தனை ஒரு சிற்றூர்க் கோயிலின் திருப்பணிக் குழு வரை வந்து சேர்ந்திருக்கும் என்று யோசித்தால் மனம் கனக்கிறது. தொல்லியல் துறையின் ஒரு கல்வெட்டறிஞர் வந்து பார்த்துவிட்டுப் போன பிறகே சாரம் கட்டலாம் என்ற ஒரே ஒரு விதி கண்டிப்பாக நடைமுறைக்கு வந்தால் பாதிச் சேதம் நின்றுவிடும்.

கல்லையும் செம்பையும் பற்றியே பேசிக்கொண்டிருந்தால் தணிகையின் பெரிய செல்வத்தை விட்டவர்களாவோம். அது பாட்டு. அருணகிரிநாதர் திருத்தணிக்கு மட்டும் அறுபதுக்கும் மேற்பட்ட திருப்புகழ்ப் பாக்கள் பாடியிருக்கிறார். அவற்றை நாம் இன்று பாடுகிறோம் என்றால் அதற்குக் காரணம் நீதித்துறையில் பணியாற்றிய வ.த. சுப்பிரமணிய பிள்ளை. சிதம்பரம் தீட்சிதர்கள் ஒரு வழக்கில் திருப்புகழ்ப் பாட்டு ஒன்றைச் சான்றாகக் காட்டியதைக் கேள்விப்பட்டார். ஒரே பாட்டில் இவ்வளவு இருந்தால் மற்றவை எங்கே என்று தேடத் தொடங்கினார். ஏடு ஏடாக, ஊர் ஊராகத் தேடினார். கிடைத்தவற்றை ஒப்புநோக்கி 1890களின் நடுவில் முதல் தொகுதியை அச்சிட்டார். தணிகை முருகனே அவருக்கு எல்லாம். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த மகன் செங்கல்வராய பிள்ளைக்குத் தமிழுலகம் தணிகைமணி என்றே பெயர் வைத்தது. சம்பளம் வாங்கும் வேலைக்கு வெளியே, மானியம் எதுவும் இல்லாமல், இரண்டு தலைமுறை செய்த இந்த மீட்பு வேலையை நான் தமிழகத்தின் மிகச் சிறந்த மரபுப் பாதுகாப்புப் பணிகளில் ஒன்றாகவே வைப்பேன்.

அச்சோடு நின்றிருந்தால் அது நூலகத்தில் தூங்கியிருக்கும். வள்ளிமலைச் சச்சிதானந்த சுவாமிகள் அதைப் படிக்கட்டுக்குக் கொண்டுவந்தார். ஆங்கிலப் புத்தாண்டன்று வெள்ளைத் துரைமாரைப் பார்க்க எலுமிச்சம்பழத்தோடு வரிசையில் நின்ற நம்மவரைத் தணிகை முருகனைப் பார்க்கத் திருப்பிவிட்டார். நூறாண்டைக் கடந்தும் டிசம்பர் 31 இரவு மலையின் 365 படிகளுக்கும் மஞ்சள் குங்குமம் இட்டுக் கற்பூரம் ஏற்றி, திருப்புகழ் பாடியபடி குழு குழுவாக ஏறுகிறார்கள். பாட்டுக்கு வேறு அருங்காட்சியகம் எதற்கு என்று கேட்கலாம். அந்தக் குழுக்களில் மூத்தவர்கள் பாடும் மெட்டும் சந்தப் பிடியும் ஒலிப்பதிவாக ஓரிடத்தில் சேர்த்து வைக்கப்பட வேண்டும் என்பதே என் பதில். ஒருவர் போனால் ஒரு மெட்டும் போய்விடுகிறது.

தெருக்கூத்துக்கும் இதே கதி. ஆந்திர எல்லையை ஒட்டிய இந்த வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழா என்றால் பகலில் பாரதம் படிப்பார்கள், இரவில் கூத்து நடக்கும், கடைசியில் படுகளமும் தீமிதியும். கூத்தரின் கிரீடமும் புசக்கட்டையும் மார்பு அணியும் கல்யாண முருங்கை மரத்தில் செதுக்கியவை. இராத்திரி முழுக்கத் தலையில் தூக்கி ஆட வேண்டும் என்பதால் எடை குறைந்த மரம். அதன் மேல் வண்ணக் காகிதமும் கண்ணாடிச் சில்லும் பதிப்பார்கள். மண்ணெண்ணெய் விளக்கின் ஆடும் ஒளியில் அந்தச் சில்லுகள் மின்னுவதற்காகச் செய்த வேலை அது. குழல்விளக்கு வந்ததும் அந்த மினுக்கம் போய்விட்டது. பழைய கட்டைகள் பூச்சி அரித்துக் கூத்தர் வீட்டுப் பரணில் கிடக்கின்றன. சுலொவீனியாவின் ஸ்கோஃபியா லோகா என்ற ஊரில் 1721இல் எழுதிய ஏசுவின் பாடுகள் நாடகத்தை ஊரே கூடித் தெருத்தெருவாக ஊர்வலமாய் நடிக்கிறது. 2016இல் யுனெஸ்கோ அதைப் பட்டியலில் சேர்த்தது. நம் பாரதக் கூத்து அளவிலும் ஆழத்திலும் அதற்கு எந்த வகையிலும் குறைந்ததல்ல. அவர்களிடம் உள்ள ஒரே கூடுதல், 1721ஆம் ஆண்டுக் கையெழுத்துப்படியைப் பத்திரமாக வைத்திருப்பது. நம் வாத்தியார்களின் கூத்து நோட்டுப் புத்தகங்களை யார் வாங்கிப் படமெடுத்து வைத்திருக்கிறோம்?

திருத்தணிக்கே உரிய இன்னொரு வரலாறு எல்லை. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவானபோது இந்தப் பகுதி அதில் சேர்ந்தது. 1953 அக்டோபரில் ஆந்திரம் தனி மாநிலமானபோது திருத்தணியும் அங்கே போனது. ம.பொ. சிவஞானமும் திருத்தணி கே. விநாயகமும் முன்னின்று நடத்திய போராட்டம், குருவராயப்பேட்டை மங்கலங்கிழார் தெலுங்குச் சூழலில் ஊர் ஊராகத் தமிழ் கற்பித்த உழைப்பு, எல்லை பற்றிய பட்டாஸ்கர் பரிந்துரை, 1959ஆம் ஆண்டு எல்லை மாற்றச் சட்டம் என்று பலவும் சேர்ந்து 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. ஆந்திரத்துக்கும் ஈடாகச் சில ஊர்கள் போயின. துண்டறிக்கைகள், கூட்ட அறிவிப்புகள், சிறைக் கடிதங்கள், இருமொழிப் பள்ளிப் பதிவேடுகள் எல்லாம் இந்த வரலாற்றின் மூலப்பொருள்கள். செப்பேடு ஆயிரம் ஆண்டு தாங்கும். 1950களின் செய்தித்தாள் காகிதம் மடித்த இடத்தில் இப்போதே உடைகிறது. இந்தச் சீமையில் மிக அவசரமாகக் காக்கப்பட வேண்டியது எது என்று என்னைக் கேட்டால், 9ஆம் நூற்றாண்டுக் கல்லைவிட இந்தக் காகிதங்களையே சொல்வேன்.

எல்லையைப் பற்றிய அருங்காட்சியகம் பகையை வளர்க்குமே என்ற தயக்கம் சிலருக்கு இருக்கலாம். சுலொவீனியாவின் மேற்கெல்லையில் கோபரீட் என்ற சிற்றூர் இருக்கிறது. முதல் உலகப்போரில் இத்தாலியப் படையும் ஆஸ்திரிய-ஹங்கேரியப் படையும் அந்த மலைகளில் மோதி இலட்சக்கணக்கானோர் மாண்டார்கள். பிறகு அந்த ஊர் இத்தாலிக்குப் போய், யூகோஸ்லாவியாவுக்கு வந்து, இன்று சுலொவீனியாவில் இருக்கிறது. 1990இல் அங்கே திறந்த அருங்காட்சியகம் எந்தப் படையின் வெற்றியையும் கொண்டாடவில்லை. எல்லாப் பக்கத்துச் சிப்பாய்களின் கடிதங்களையும் உடைமைகளையும் ஒரே கூரையின் கீழ் வைத்தது. 1993இல் ஐரோப்பிய மன்றத்தின் அருங்காட்சியக விருது அதற்குக் கிடைத்தது. திருத்தணியில் தமிழும் தெலுங்கும் ஒரே தெருவில் பேசப்படுகின்றன. ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி தூக்கி வருபவர்களில் நகரி, புத்தூர், சித்தூர்ப் பக்கத்தார் எத்தனையோ பேர். இந்த ஊரில் 1888இல் பிறந்து குடியரசுத் தலைவரான இராதாகிருஷ்ணன் தெலுங்குக் குடும்பத்தவர். இருமொழியிலும் எழுதிய பலகைகளோடு, போராட்டத்தின் இரு பக்கத்து ஆவணங்களையும் வைக்கும் துணிவு இந்த ஊருக்கு இயல்பாகவே இருக்கும் என்று நான் நம்புகிறேன்.

இதை யார் செய்வது? தனி அருங்காட்சியகக் கட்டடம், பணியாளர், ஆண்டு மானியம் என்று தொடங்கினால் கோப்பு நகர்வதற்குள் ஒரு தலைமுறை போய்விடும். மதுரையில் ஆயிரங்கால் மண்டபத்திலும் திருவரங்கத்தில் கோயிலுக்குள்ளேயும் அருங்காட்சியகங்கள் இயங்கி வருகின்றன. தணிகைக் கோயில் அறநிலையத் துறையின் கீழ் உள்ள, வருவாய் மிகுந்த கோயில். மலைப்பாதை தொடங்கும் இடத்தில், பக்தர்கள் எப்படியும் காத்திருக்கும் கூடம் ஒன்றில், வேலஞ்சேரிச் செப்பேட்டின் படி, வீரட்டானேசுவரர் கோயில் வெண்பாவின் மைப்படி, திருவாலங்காட்டு ஏடுகளின் படி, திருப்புகழ் முதல் பதிப்பின் பக்கங்கள், ஒரு கூத்துக் கிரீடம், எல்லைப் போராட்டத் துண்டறிக்கைகள் என்று தொடங்கலாம். மூலப்பொருள் வேண்டியதில்லை என்பதால் காவல் செலவும் குறைவு. தொல்லியல் துறை படிகளைக் கொடுக்கட்டும், அருங்காட்சியகத் துறையின் வேதியியல் ஆய்வகம் காகிதங்களை நன்னிலைப்படுத்திக் கொடுக்கட்டும், கோயில் கூடத்தைக் கொடுக்கட்டும்.

வட்டாரத்துப் பள்ளிகளின் தமிழாசிரியர்களும் வரலாற்று ஆசிரியர்களும் சேர்ந்தால் பதிவேட்டு வேலையும் தொடங்கிவிடும். ஒவ்வொரு ஊரிலும் உள்ள நடுகல், கல்வெட்டு, பழைய தேர், கூத்து நோட்டு, நெசவாளர் வீட்டுப் பழைய தறிச்சாமான் என எல்லாவற்றுக்கும் ஒரு படம், இருக்கும் இடம், வைத்திருப்பவர் சொல்லும் செய்தி. பொதட்டூர்ப்பேட்டையில் விசைத்தறி வருவதற்கு முன்பிருந்த கைத்தறிக் குழித்தறிகளில் எத்தனை மிச்சம் என்று எண்ணுவதிலிருந்தே ஆரம்பிக்கலாம். அதை ஓட்டத் தெரிந்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இந்த ஆண்டே போய்க் கேட்க வேண்டும்.